ஆப்பிரிக்காவில் மனித உரிமைக் காப்பாளர்களுக்கு என்ன பாதுகாப்பு? சந்தேகங்களும் விளக்கங்களும்

மனித உரிமைக் காப்பாளர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய ஆப்பிரிக்க நாடுகளில் மூன்று, இன்று ராணுவ ஆட்சியின் கீழ் உள்ளன. சட்டம் இருக்கிறது, அதே நாடுகளில் காப்பாளர்கள் கடத்தப்படுவதும் சிறையில் அடைக்கப்படுவதும் தொடர்கின்றன. கண்ட அளவிலான சாசனம், ஆணையத் தீர்மானங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், நாடுகளின் சட்டங்கள் எனப் பல அடுக்குகள் இருப்பதால் எது யாரைக் கட்டுப்படுத்தும், யார் எங்கே முறையிடலாம் என்பதில் குழப்பம் நிலவுகிறது. பொதுவாக எழும் கேள்விகளுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

மனித உரிமைக் காப்பாளர் என்பவர் யார்?

மனித உரிமைகளுக்காகத் தனியாகவோ கூட்டாகவோ அமைதி வழியில் செயல்படும் எவரும் காப்பாளரே. 1998 டிசம்பர் 9-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனம் இந்தப் பரந்த பொருளையே கொள்கிறது. வழக்கறிஞர், செய்தியாளர், தொழிற்சங்கத்தினர், சுரங்கத்துக்கு எதிராகத் தம் நிலத்தைக் காக்க நிற்கும் கிராமத்துப் பெண் என யாரும் இதில் அடங்குவர். பட்டமோ பதவியோ, ஓர் அமைப்பின் உறுப்பினர் அட்டையோ தேவையில்லை.

வன்முறையில் ஈடுபட்டவரும் இந்தப் பெயரில் பாதுகாப்புக் கோரலாமா?

முடியாது. பிரகடனம் காப்பது அமைதியான செயல்பாட்டை மட்டுமே. ஆனால் ஒருவர் வன்முறையாளர் என்று காவல்துறை சொல்வதே போதுமான சான்றாகாது. அதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும்.

எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள உரிமைகள் போதாதா? இவர்களுக்கு மட்டும் ஏன் தனிப் பாதுகாப்பு?

இவர்களுக்குப் புதிய உரிமை எதுவும் தரப்படவில்லை. பேச்சு, சங்கம், கூட்டம் ஆகிய பொது உரிமைகளே மீண்டும் வலியுறுத்தப்படுகின்றன. பிறருக்காகப் பேசுவதாலேயே இவர்கள் குறிவைக்கப்படுகிறார்கள் என்பதுதான் தனி ஏற்பாட்டுக்குக் காரணம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த பிகிலே ந்ஷாங்காசே 2020 அக்டோபர் 22 அன்று தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். எஸ்வாட்டினி நாட்டின் மனித உரிமை வழக்கறிஞர் துலானி மசேகோ 2023 ஜனவரி 21 அன்று, அதேபோல வீட்டில் வைத்தே கொல்லப்பட்டார்.

காப்பாளர்களுக்கென்று ஆப்பிரிக்காவில் தனி உடன்படிக்கை உள்ளதா?

நாடுகள் கையெழுத்திட்டு ஏற்கும் தனி உடன்படிக்கை இல்லை. 1981 ஜூன் 27 அன்று நைரோபியில் ஏற்கப்பட்டு 1986 அக்டோபர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமைகள் சாசனமே அடிப்படை. அதில் 'காப்பாளர்' என்ற சொல் எங்கும் இல்லை. கருத்துரிமை கூறும் 9-ஆவது பிரிவு, சங்கம் அமைக்கும் உரிமை கூறும் 10-ஆவது பிரிவு, கூட்டம் கூடும் உரிமை கூறும் 11-ஆவது பிரிவு ஆகியவற்றைக் கொண்டே பாதுகாப்பு கோரப்படுகிறது.

மற்ற கண்டங்களில் நிலை என்ன?

லத்தீன் அமெரிக்கா, கரீபியன் நாடுகளுக்கான எஸ்காசு உடன்படிக்கை 2018-இல் ஏற்கப்பட்டு 2021 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் உள்ளது. சுற்றுச்சூழல் துறையில் செயல்படும் காப்பாளர்களைக் காக்கும் கடமையை அரசுகள் மீது வெளிப்படையாகச் சுமத்திய முதல் உடன்படிக்கை அதுவே. ஆசியா முழுமைக்குமான மனித உரிமைச் சாசனமோ நீதிமன்றமோ இன்றுவரை கிடையாது.

ஆப்பிரிக்கச் சாசனம் எத்தனை நாடுகளைக் கட்டுப்படுத்தும்?

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 55 உறுப்பினர்களில் 54 அதை ஏற்றுள்ளன. ஏற்காத ஒரே நாடு மொராக்கோ; அது 2017 ஜனவரியில்தான் ஒன்றியத்தில் சேர்ந்தது.

'வட்டார நெறிமுறைகள்' என்று குறிப்பிடப்படுபவை எவை?

சாசனத்துக்குப் பின் படிப்படியாக வந்த பிரகடனங்களும் தீர்மானங்களும் இவ்வாறு அழைக்கப்படுகின்றன. மொரீஷியஸின் கிராண்ட் பே நகரில் 1999 ஏப்ரல் 16 அன்றும் ருவாண்டாவின் கிகாலியில் 2003 மே 8 அன்றும் அரசுகள் வெளியிட்ட பிரகடனங்கள் காப்பாளர்களின் பணியை ஏற்றன. ஆப்பிரிக்க ஆணையம் 2004 ஜூன் 4 அன்று நிறைவேற்றிய 69-ஆவது தீர்மானம் இவர்களுக்கெனச் சிறப்பு அறிக்கையாளர் பதவியை உருவாக்கியது. 2017 மே 22 அன்று நைஜர் தலைநகர் நியாமேயில் நிறைவேறிய 376-ஆவது தீர்மானம், காப்பாளர்களுக்குத் தனிச் சட்டம் இயற்றுமாறு எல்லா அரசுகளையும் கேட்டுக்கொண்டது.

இவற்றில் எது அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தும்?

சாசனம் கட்டுப்படுத்தும், பிரகடனமும் தீர்மானமும் நேரடியாகக் கட்டுப்படுத்தா. ஆனால் சாசனத்தின் ஒரு பிரிவுக்கு என்ன பொருள் என்று ஆணையமோ நீதிமன்றமோ முடிவு செய்யும்போது இத்தீர்மானங்களையே துணைக்கு எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 'வெறும் காகிதம்' என்று ஒதுக்குவதும் தவறு, 'சட்டம்' என்று சொல்வதும் தவறு.

ஆப்பிரிக்க ஆணையம் என்பது எது?

சாசனத்தின்படி 1987-இல் அமைக்கப்பட்ட, 11 உறுப்பினர் கொண்ட அமைப்பு இது. தலைமையகம் காம்பியாவின் தலைநகர் பஞ்சுலில் உள்ளது. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். அவர்கள் தம் நாட்டின் பிரதிநிதிகளாக அல்லாமல் தனிப்பட்ட தகுதியில் பணியாற்ற வேண்டும்.

சிறப்பு அறிக்கையாளருக்கு என்ன அதிகாரம்?

காப்பாளர்கள் பற்றிய தகவலைத் திரட்டுவது, அச்சுறுத்தல் குறித்து அரசுக்கு அவசரக் கடிதம் எழுதுவது, நாடுகளுக்குச் சென்று பார்ப்பது, ஆணையத்துக்கு அறிக்கை அளிப்பது ஆகியவை அவர் பணிகள். ஐ.நா.வில் வெளியிலிருந்து ஒரு வல்லுநர் நியமிக்கப்படுகிறார். இங்கோ ஆணைய உறுப்பினர் ஒருவரே இந்தப் பொறுப்பையும் கூடுதலாகச் சுமக்கிறார். முதலில் காம்பியாவின் ஜைனபா ஜோம் இப்பொறுப்பை வகித்தார். அவருக்குப் பின் வந்த பெனின் நாட்டு வழக்கறிஞர் ரெய்ன் அலாபினி-கான்சூ 2018-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதியானார்.

அவர் எந்த நாட்டுக்கும் சென்று விசாரிக்க முடியுமா?

அந்நாட்டு அரசு அனுமதித்தால் மட்டுமே முடியும். கைது செய்யவோ விடுவிக்கவோ ஆணையிடும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது.

பெண் காப்பாளர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா?

ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு 336-ஆவது தீர்மானம் பெண் காப்பாளர்களைப் பற்றியது. அவர்கள் எதிர்கொள்ளும் பாலியல் வன்முறை, அவதூறு, குடும்பத்தினர் மீதான மிரட்டல் ஆகியவை ஆண் காப்பாளர்கள் சந்திப்பவற்றிலிருந்து வேறானவை என்பதால் தனி நடவடிக்கை தேவைப்படுகிறது. பெண்களின் உரிமைக்கான மாபுடோ நெறிமுறையை (2003) ஏற்ற நாடுகளில் அதையும் சேர்த்துக் காட்டி முறையிடலாம்.

வெளிநாட்டிலிருந்து நிதி பெறுவது குற்றமா?

ஐ.நா. பிரகடனத்தின் 13-ஆவது பிரிவு நிதி திரட்டவும் பெறவும் உள்ள உரிமையை ஏற்கிறது. சங்கம், கூட்டம் பற்றி ஆணையம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் வெளிநாட்டு நிதியைத் தடை செய்யவில்லை. நாடுகளின் சட்டங்கள் வேறுபடுகின்றன. எத்தியோப்பியாவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்புகள் மனித உரிமைப் பணியில் ஈடுபடக் கூடாது என்றது. 2019-இல் புதிய சட்டம் வந்து அந்த வரம்பு நீங்கும்வரை பல அமைப்புகள் பணியைச் சுருக்கவோ மாற்றவோ நேர்ந்தது.

எந்தெந்த நாடுகளில் தனிச் சட்டம் உள்ளது?

முதலில் இயற்றியது ஐவரி கோஸ்ட் (2014 ஜூன் 20). அடுத்து புர்கினா பாசோ (2017 ஜூன்), மாலி (2018 ஜனவரி), நைஜர் (2022 ஜூன்), காங்கோ ஜனநாயகக் குடியரசு (2023 ஜூன்) ஆகியவை இயற்றின. இந்த ஐந்தும் பிரெஞ்சு ஆட்சிமொழி மரபில் வந்த நாடுகள் என்பது கவனிக்கத்தக்கது.

தனிச் சட்டம் இருந்தால் நடைமுறையில் என்ன மாறும்?

காப்பாளர் என்ற நிலை சட்டப்படி ஏற்கப்படுவதால், அவரை மிரட்டுவதும் தாக்குவதும் அரசு தடுத்தாக வேண்டிய செயல்களாகின்றன. எந்தத் துறை, எந்த அதிகாரி பொறுப்பு என்பதும் வரையறுக்கப்பட வேண்டும். காலதாமதம் ஏற்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஐவரி கோஸ்டில் 2014-இல் நிறைவேறிய சட்டத்தைச் செயல்படுத்தும் ஆணை 2017 பிப்ரவரியில்தான் வெளிவந்தது.

பாதுகாப்புப் பெற அரசிடம் பதிவு செய்ய வேண்டுமா?

ஐ.நா. பிரகடனத்தின்படி தேவையில்லை. ஆனால் காங்கோ ஜனநாயகக் குடியரசின் சட்டம், காப்பாளர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. பாதுகாப்பு தருவதற்கான பட்டியல் கண்காணிப்புக்கான பட்டியலாகவும் மாறலாம் என்பது இதற்கு எழுந்த முதன்மையான எதிர்ப்பு. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது.

சட்டம் இருந்தும் கைதுகள் நடப்பது எப்படி?

அவசரநிலை, பயங்கரவாதத் தடுப்பு, தேசப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சட்டங்கள் தனிச் சட்டத்தை ஓரங்கட்டிவிடுகின்றன. புர்கினா பாசோவில் 2023 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட பொது அணிதிரட்டல் ஆணை, ஆட்சியை விமர்சிப்போரைக் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்பப் பயன்பட்டது. 2022-இல் மார்ட்டின் எனல்ஸ் விருது பெற்ற டாவூடா டியாலோ 2023 டிசம்பர் 1 அன்று வாகாடூகூவில் கடத்தப்பட்டு, சில மாதங்களுக்குப் பின் 2024 மார்ச்சில்தான் விடுவிக்கப்பட்டார். நைஜரில் நீண்ட காலமாகக் குடிமைச் சமூகப் பணியில் உள்ள மூசா சாங்காரி 2024 டிசம்பர் 3 அன்று கைது செய்யப்பட்டார்.

ஆணையத்தில் யார் புகார் அளிக்கலாம்? கட்டணம் எவ்வளவு?

பாதிக்கப்பட்டவர் மட்டுமின்றி, அவர் சார்பில் எந்தத் தனிநபரும் அமைப்பும் புகார் அளிக்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புகார் சாசனத்தை ஏற்ற நாட்டுக்கு எதிரானதாக இருக்க வேண்டும்.

புகார் ஏற்கப்பட என்னென்ன நிபந்தனைகள்?

சாசனத்தின் 56-ஆவது பிரிவு ஏழு நிபந்தனைகளைக் கூறுகிறது. அனுப்புபவர் பெயர் இருக்க வேண்டும் (வெளியே தெரியக் கூடாது என்று கேட்டுக்கொள்ளலாம்). சாசனத்துக்கு இசைந்ததாக இருக்க வேண்டும். இழிவான மொழி கூடாது. ஊடகச் செய்திகளை மட்டுமே ஆதாரமாகக் காட்டக் கூடாது. மேலும், உள்நாட்டில் உள்ள சட்ட வழிகளை முடித்திருக்க வேண்டும், அதன் பின் நியாயமான காலத்துக்குள் அனுப்ப வேண்டும், வேறு சர்வதேச அமைப்பில் தீர்க்கப்பட்ட விவகாரமாக இருக்கக் கூடாது.

உள்நாட்டு நீதிமன்றங்களுக்குச் செல்லவே முடியாதவர் என்ன செய்வது?

வழக்கு அளவுக்கு மீறி இழுத்தடிக்கப்பட்டால் இந்த நிபந்தனை தளர்த்தப்படும் என்று சாசனமே கூறுகிறது. அந்த வழி உண்மையில் கிடைக்கிறதா என்பதையும் ஆணையம் பார்க்கிறது. சூடானில் 2008 நவம்பர் 24 அன்று பாதுகாப்புப் படையால் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளான மூன்று காப்பாளர்கள் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அவர்கள் புகாரை ஏற்ற ஆணையம், 2014-இல் சூடான் அரசு சாசனத்தை மீறியதாக முடிவு செய்து இழப்பீடும் விசாரணையும் கோரியது.

'நியாயமான காலம்' என்றால் எத்தனை மாதம்?

சாசனம் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. ஜிம்பாப்வே நீதிபதி ஒருவர் நாட்டைவிட்டு வெளியேறி 22 மாதங்களுக்குப் பின் அளித்த புகாரை, 2008-இல் ஆணையம் தாமதம் காரணமாக நிராகரித்தது. பிற வட்டார அமைப்புகளில் உள்ள ஆறு மாத வழக்கத்தை அப்போது அது சுட்டிக்காட்டியது. ஆறு மாதத்துக்குள் அனுப்புவதே பாதுகாப்பு. தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டும்.

உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால்?

இறுதி முடிவுக்கு முன்பே, ஈடு செய்ய முடியாத தீங்கைத் தடுக்க இடைக்கால நடவடிக்கை எடுக்குமாறு அரசை ஆணையம் கேட்கலாம். நைஜீரிய எழுத்தாளரும் ஒகோனி மக்களின் தலைவருமான கென் சரோ-விவாவின் மரண தண்டனையை நிறுத்தி வைக்குமாறு ஆணையம் இவ்வாறே கேட்டது. அப்போதைய ராணுவ அரசு அதைப் பொருட்படுத்தாமல் 1995 நவம்பர் 10 அன்று அவரையும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. இடைக்கால வேண்டுகோளைப் புறக்கணித்ததே சாசனத்தின் முதல் பிரிவை மீறியதாகும் என்று 1998-இல் ஆணையம் அறிவித்தது. அந்த முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆணையத்தின் முடிவை அரசு மதிக்காவிட்டால்?

ஆணையத்தின் முடிவுகள் பரிந்துரை வடிவில் அமைந்தவை. அவற்றை நிறைவேற்ற வைக்கும் காவலோ தண்டமோ அதனிடம் இல்லை. ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமைகள் நீதிமன்றத்தை ஏற்ற நாடாக இருந்தால் வழக்கை ஆணையம் அங்கே அனுப்பலாம். அந்நீதிமன்றத்தின் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும்.

அந்த நீதிமன்றத்துக்குக் காப்பாளர் நேரடியாகப் போகலாமா?

தான்சானியாவின் அருஷாவில் உள்ள இந்நீதிமன்றத்தை நிறுவிய நெறிமுறையை 34 நாடுகள் ஏற்றுள்ளன. ஆனால் தனிநபரும், ஆணையத்தில் பார்வையாளர் தகுதி பெற்ற அமைப்புகளும் நேரடியாக வழக்குத் தொடர, அந்நாடு 34(6) பிரிவின் கீழ் தனி அறிவிப்பும் அளித்திருக்க வேண்டும். 12 நாடுகள் அவ்வாறு அளித்தன. அவற்றில் ருவாண்டா (2016), தான்சானியா (2019), பெனின், ஐவரி கோஸ்ட் (2020), துனிசியா (2025) ஆகியவை திரும்பப் பெற்றன. காப்பாளர் சட்டத்தை முதலில் இயற்றிய நாடும், நீதிமன்றம் அமைந்துள்ள நாடும் இப்பட்டியலில் இருப்பது இந்த ஏற்பாட்டின் பலவீனத்தைக் காட்டப் போதும்.

ஒரு நாடு விலகினால் நிலுவையில் உள்ள வழக்குகள் என்னவாகும்?

அவை தொடரும். விலகல் ஓராண்டுக்குப் பின்பே செயலுக்கு வரும் என்றும், நிலுவை வழக்குகளை அது பாதிக்காது என்றும் ருவாண்டா தொடர்பான வழக்கில் 2016 ஜூன் 3 அன்று நீதிமன்றம் முடிவு செய்தது.

நீதிமன்றம் இழப்பீடு வழங்கிய எடுத்துக்காட்டு உண்டா?

புர்கினா பாசோவின் புலனாய்வுச் செய்தியாளர் நோர்பெர் சோங்கோ, 1998 டிசம்பர் 13 அன்று உடனிருந்த மூவருடன் கொல்லப்பட்டார். உரிய முறையில் விசாரிக்கத் தவறியதற்காக அந்நாட்டு அரசே பொறுப்பு என்று 2014 மார்ச் 28 அன்று தீர்ப்பு வந்தது. 2015 ஜூன் 5 அன்று, கொல்லப்பட்டோரின் துணைவியர் ஒவ்வொருவருக்கும் 2.5 கோடி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 1.5 கோடி, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 1 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் வழங்கவும் விசாரணையை மீண்டும் தொடங்கவும் உத்தரவிடப்பட்டது. கொலைக்கும் இழப்பீட்டு உத்தரவுக்கும் இடையே 16 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

வேறு நீதிமன்றங்கள் உள்ளனவா?

மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகமான எகோவாஸ் அமைப்பின் நீதிமன்றம் நைஜீரியாவின் அபுஜாவில் உள்ளது. 2005 முதல் தனிநபர்கள், உள்நாட்டு வழிகளை முடிக்காமலேயே அங்கு நேரடியாக வழக்குத் தொடரலாம். 2025 ஜனவரி 29 அன்று புர்கினா பாசோ, மாலி, நைஜர் ஆகிய மூன்றும் எகோவாஸிலிருந்து விலகின. கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் அருஷாவில் உள்ளது; அங்கே சம்பவம் நடந்த அல்லது தெரியவந்த நாளிலிருந்து இரண்டே மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு வழக்கை இழப்பது அங்கே வாடிக்கையான பிழை.

ஆணையம் அரசுகளின் தலையீடு இல்லாமல் இயங்குகிறதா?

முழுமையாக அப்படிச் சொல்ல முடியாது. தன்பாலீர்ப்புப் பெண்களுக்கான ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு ஒன்றுக்கு ஆணையம் 2015 ஏப்ரலில் பார்வையாளர் தகுதி அளித்தது. அதை நீக்குமாறு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் செயற்குழு தொடர்ந்து வற்புறுத்தியதை அடுத்து, 2018 ஆகஸ்டில் அத்தகுதி திரும்பப் பெறப்பட்டது.

ஆபத்தில் உள்ளவரை வேறிடத்துக்கு மாற்ற ஏற்பாடு உண்டா?

இதைப் பெரும்பாலும் காப்பாளர்களின் வலையமைப்புகளே செய்கின்றன. கம்பாலாவில் 2005-இல் தொடங்கப்பட்ட, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதிக்குமான காப்பாளர் வலையமைப்பு 11 நாடுகளில் செயல்படுகிறது. தற்காலிக இடமாற்றம், சட்ட உதவி, மருத்துவச் செலவு ஆகியவை அதன் உதவிகளில் அடங்கும்.

அரசுகள் தம் கடமையைச் செய்கின்றனவா என்று யார் கண்காணிப்பது?

சாசனத்தின் 62-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நாடும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆணையத்திடம் அறிக்கை அளிக்க வேண்டும். குடிமை அமைப்புகள் அதற்கு மாற்று அறிக்கை அளிக்கலாம். பல நாடுகளின் அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் உள்ளன. ஒன்றுகூட அளிக்காத நாடுகளும் உண்டு.

மொத்தத்தில், கைதான காப்பாளர் ஒருவருக்கு எந்த வழி திறந்திருக்கிறது?

அது எந்த நாட்டு அரசு அவரைக் கைது செய்தது என்பதைப் பொறுத்தது. கானாவில் கைதானவர் ஆணையம், அருஷா நீதிமன்றம், எகோவாஸ் நீதிமன்றம் ஆகிய மூன்றில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கலாம். கென்யாவில் கைதானவர் ஆணையத்துக்கும், இரண்டு மாதத்துக்குள் என்றால் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்துக்கும் செல்லலாம். ஆப்பிரிக்க நீதிமன்ற நெறிமுறையை ஏற்காத ஜிம்பாப்வேயில் கைதானவருக்குக் கண்ட அளவில் ஆணையம் மட்டுமே உண்டு. சாசனத்தையே ஏற்காத மொராக்கோவில் இந்த வழிகள் எதுவும் இல்லை; ஐ.நா. அமைப்புகளிடம் முறையிடும் வழி மட்டுமே எஞ்சியுள்ளது.